கோம்பையில் செருப்புக்குக் காவல்

சனிக்கிழமை காலை ஏழரைக்கு மதுரை ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உசிலம்பட்டி தாண்டும்வரை கையிலிருந்த செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஒரே மகன் டேவிட் கோம்பையில் இருக்கிறான். திராட்சைத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் பதிக்கும் கம்பெனியில் வேலை. போன வருட விபத்தில் முறிந்த தொடைக்குள் கம்பி இருக்கிறது. இப்போது மறுபடி மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பயம் தெளியும் என்று கிளம்பினேன். அவன் அப்பா இருந்திருந்தால் இருவராகப் பயந்திருப்போம்.

தேனியில் பஸ் மாறினேன். சின்னமனூர் வழியாக உத்தமபாளையம் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. சாலையோரம் தென்னையும் வாழையும். அவற்றுக்குப் பின்னால் திராட்சைப் பந்தல்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

“அந்தச் செல்லக் கொஞ்சம் பையில வையி ஆத்தா. கை வலிக்கல?”

“மகன் கூப்பிடுவான்.”

“கூப்ட்டா சத்தம் போடாதாக்கும்?”

சிரித்து வைத்தேன்.

உத்தமபாளையத்தில் இன்னொரு பஸ் ஏறி மதியம் கோம்பை நிறுத்தத்தில் இறங்கியபோது டேவிட் வண்டியோடு நின்றான். பின்னால் ஏறச் சொன்னான். நான் நடந்தேன். அவனும் வண்டியைத் தள்ளிக்கொண்டே தன் அறைவரை கூடவே நடந்தான்.

ஞாயிறு காலை இருவரும் ஆராதனைக்குப் போவதாக ஏற்பாடு. எட்டு மணிக்கு அவனுக்குப் போன் வந்தது. சுருளிப்பட்டித் தோட்டமொன்றில் குழாய் வெடித்துத் தண்ணீர் கொட்டுகிறதாம். இங்கிருந்து இருபது கிலோமீட்டர் இருக்கும்.

“நீ போம்மா. போய்ச் சேந்ததும் கூப்புடுறேன்” என்று வண்டியை உதைத்தான்.

சிறிய ஆலயம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வாசலில் பழைய திராட்சைக் கூடைகளில் செருப்புகள். பக்கத்தில் கையில் கம்போடு ஒரு பெண். பெயர் எஸ்தர் என்றாள். வாரம் ஒருவராக முறைவைத்துச் செருப்புக்குக் காவல் இருப்பார்களாம்.

“கோம்பை நாயின்னா மாட்டையே மறிக்கும்பாக. எங்க தெருவுக்கு வாச்சது செருப்புத் தூக்குது. போன மாசம் பாஸ்டரய்யா வெறுங்காலோட வீட்டுக்குப் போனாக” என்று சிரித்தாள். பிறகு கையை நீட்டினாள். “செல்லையும் குடுங்கக்கா. உள்ள கொண்டுபோகக் கூடாதுன்னு சபையில சொல்லிட்டாக.”

“அப்படியானால் நான் வெளியிலேயே நிற்கிறேன்” என்றேன்.

“ஏங்க்கா?”

யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். விபத்து நடந்ததும் ஒரு ஞாயிறுதான். மதுரை ஆலயத்தில் செல்லை அணைத்துவிட்டு, கண்ணை மூடித் துதித்துக்கொண்டிருந்தேன். அவன் ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்டு அழுத நேரம் முழுவதும் எனக்குச் செய்தி வரவில்லை. அதன்பின் ஒரு ஜெபத்திலும் நான் கண் மூடியதில்லை. கதவோரத்துப் பெஞ்சு, கையில் செல். உதடு மட்டும் பாடும்.

எஸ்தர் கம்பைச் சுவரில் சாய்த்தாள். “தம்பி பேரென்ன?” என்றாள். சொன்னேன்.

“அடிச்சா நான் எடுக்குறேன். நல்ல சேதின்னா பேசிட்டு வச்சுருவேன். இல்லைன்னா உள்ள ஓடியாந்து உங்க கையப் புடிச்சு இழுப்பேன். நம்புங்கக்கா. செருப்பையே விடமாட்டேன், உங்களை விட்ருவனா?”

கொடுத்துவிட்டேன். உள்ளே பெண்கள் முக்காடிட்டுப் பாயில் உட்கார்ந்து கைதட்டிப் பாடினார்கள். எங்கள் ஆலயத்தில் பக்கத்து ஆளுக்குமேல் சத்தம் எழுப்பமாட்டோம். எனக்குக் கை தட்ட வரவில்லை. செல் இல்லாத கை என்ன செய்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டு கிடந்தது.

எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிக்கத் தொடங்கியபோது வெளியே மணி அடித்தது. என் செல்தான். எழ முழங்காலை ஊன்றினேன். ஜன்னல் வழியே எஸ்தரின் குரல் கேட்டது.

“தம்பி, நான் செருப்புக்குக் காவல் இருக்கிறவ பேசுறேன். அம்மா ஆராதனையில இருக்காக. போய்ச் சேந்துட்டீகளா? என்னது, சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சா?” ஒரு சிரிப்பு.

என் கையை யாரும் வந்து இழுக்கவில்லை. உட்கார்ந்து கண்ணை மூடினேன். முதலில் வந்தது ஸ்தோத்திரமல்ல, கோபம். நான் உம்மைப் பாடிக்கொண்டிருந்தபோதா என் பிள்ளையைத் தெருவில் போட்டீர் என்று ஆண்டவரிடம் உரக்கவே கேட்டேன். அத்தனை சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. கேட்கக் கேட்க அழுகை வந்தது. அழுது முடிந்த இடத்தில், அவன் உயிரோடு இருப்பதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். கைகள் எப்போது உயர்ந்தன என்று தெரியாது. சரிந்த என் முக்காட்டைப் பக்கத்துப் பெண் இழுத்துவிட்டபோதுதான் தெரிந்தது.

மாலை நாலு மணிக்கு டேவிட்டின் வண்டியில் பின்னால் ஏறி நிறுத்தத்துக்குப் போனேன். “மெதுவாப் போடா” என்று இரண்டுமுறை சொன்னேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

தேனியில் பஸ் ஏறியதும் செல்லைப் பையில் வைத்தேன். ஆண்டிபட்டிக்குள் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஆலயத்தில் செல்லை அணைக்கச் சொல்லிப் பலகை இருக்கிறது. வாசலில் ஆள் இல்லை. அடுத்த ஞாயிறு என்னை வந்து இழுக்கும்படி யாரிடம் சொல்லிவைப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஆறேழு வருடமாக என் பெஞ்சில் உட்காருகிற பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. முதலில் அதைக் கேட்கவேண்டும்.