கட்லெட்டுக்கு உப்பு பார்ப்பது எப்படி?

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா போன மாதம் ஒரு காலையில் அரக்கப் பரக்க ஓடி வந்தார். ராயபுரத்தில் எங்கள் தெருவையே அதட்டி உருட்டுகிற ஆள். அன்றைக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"ஏம்மா... பாத்ரூம்ல ஒண்ணு பாத்தேன். வெள்ளையா, பட்டையா, நூடுல்ஸை நறுக்கிப் போட்டாமாரி. நகருதும்மா."

அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. மகள் ரீனாவுக்கு நிச்சயதார்த்தம் வருகிறது. மாப்பிள்ளை வீடு பெரம்பூர். "அவங்க காதுக்குப் போச்சுன்னா? இந்த வூட்லயா பொண்ணு எடுக்குறோம்னு நெனைக்க மாட்டாங்க?"

ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, "நாடாப்புழு. மாட்டுக்கறியிலேர்ந்து வந்திருக்கு. பச்சையா சாப்பிடுவீங்களா?" என்றார்.

"பச்சையாவா? நான் இன்னா புலியா?"

அக்காவின் கோபம் நியாயம்தான். எங்கள் ஏரியாவில் மிளகு போட்டுக் கருகக் கருக வறுத்தால்தான் அதற்குப் பெயர் பீஃப். பிறகு எப்படி?

எனக்குத்தான் சட்டென்று உறைத்தது. கட்லெட்! அக்கா கொத்துக்கறியை முன்கூட்டி வேகவைக்க மாட்டார். வேகவைத்தால் சாறு போய்விடும் என்பது அவர் கட்சி. பச்சைக் கறியை மசாலாவோடு பிசைந்து, ஒரு துளி நாக்கில் வைத்து உப்பு பார்ப்பார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும்!

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "மாட்டைத் திட்டாதீங்க. அதுக்கே மனுஷன்கிட்டேர்ந்துதான் வருது" என்று விளக்கினார். நம் கழிவில் போகும் முட்டைகள் புல்லில் ஒட்டிக்கொள்ளுமாம். மாடு அதை மேயும். மாட்டின் சதையில் புழு சின்னக் கட்டியாகத் தங்கும். அந்தக் கறி சரியாக வேகாவிட்டால் மறுபடி நம் வயிறு. கால்வாய் ஓரம் எதையெல்லாம் திறந்துவிடுகிறோம், அங்கேயே எத்தனை மாடு மேய்கிறது... ஊரை அசுத்தம் செய்துவிட்டு மாட்டின் மேல் பழி!

"நிச்சயதார்த்தத்துக்கு நான் சமைக்கலாமா டாக்டர்?" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தாராளமா. மாத்திரை ஒரே வேளைதான். சோப்பு போட்டுக் கை கழுவுங்க, கறியை நல்லா வேகவைங்க. உப்பு பாக்கணும்னா ஒண்ணைப் பொரிச்சுப் பாருங்க."

மாத்திரை வேலை செய்தது. போன ஞாயிறு நிச்சயதார்த்தம். அக்கா முதல் கட்லெட்டைப் பொரித்துக் கணவர் அந்தோணியிடம் நீட்டினார். அவர் நிதானமாக மென்றார். "சரியா தெரில. இன்னொண்ணு குடு." எனக்கும் சரியாகத் தெரியவில்லை, நானும் ஒன்று கேட்டு வாங்கினேன். வீடே நிறைந்திருந்தது. மனசும்தான்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா அடுப்படிக்குள் வந்தார். "வாசனையே தூக்குதே" என்றபடி பிசைந்து வைத்த பச்சைக் கறியில் ஒரு துளி கிள்ளி, வாய்க்குக் கொண்டுபோனார்.

அக்கா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

சம்பந்தியம்மா முகம் சுருங்கியது. ஏதாவது சாக்கு சொல்லித் தப்பித்திருக்கலாம். அக்கா சொல்லவில்லை.

"வேணாம் சம்பந்தி. இப்டி பச்சையா உப்பு பாத்துப் பாத்துதான் எனக்கு வயித்துல நாடாப்புழு வந்துச்சு. மாத்திரை போட்டப்புறம்தான் போச்சு."

சம்பந்தியம்மா விரலில் இருந்த கறியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றார்.

"அந்த மாத்திரை பேரு இன்னா?"