சிறிய காருக்குப் பெரிய கார்புரேட்டர்

அறுபதுகளில் என் சிறிய காரின் வேகம் போதாதென்று எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கலந்து ஊட்டும் கார்புரேட்டரைப் பெரிதாக மாற்றச் சொன்னேன். "அம்புட்டுப் பெட்ரோல இந்த எஞ்சின் எரிக்காது சார். மிச்சம் புகைக்குழாயில போயி வெடிக்கும்" என்றார் விருதுநகர் மெக்கானிக். பௌதிகம் படித்த நான் கேட்கவில்லை.

பட்டாசுக் கம்பெனிகளில் வாசலிலேயே எஞ்சினை அணைத்து வண்டியைத் தள்ளிச் செல்வதே வழக்கம். தாயில்பட்டிக் கம்பெனி ஒன்றில், படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று உள்ளேயே ஓட்டிச் சென்றேன். வெடிமருந்து உலரும் இடத்தருகே புகைக்குழாய் டமாரென வெடித்துத் தீயைக் கக்கியது. பெண்கள் வேலியை நோக்கி ஓடினார்கள். அடுத்த வெடிப்புக்காக மூச்சடக்கிக் காத்திருந்தேன். எதுவும் பற்றவில்லை.

போர்மேன் வந்து சாவியை எடுத்துக்கொண்டார். "இங்கன இருவது பேரு இருக்கோம் சார். யாரு வண்டிய இப்படி ஆக்குனது?"

விருதுநகர் மெக்கானிக்தான் என்று சொன்னேன்.