இல்லாத ஓடைக்கு ஒரு நன்றி

திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிப்பது இருளம்மாளின் வேலை. படித்தது ஐந்தாம் வகுப்பு. மனுவுக்கு அஞ்சாதவரும் சுவரொட்டிக்கு அஞ்சுவார் என்பதை அங்கே கற்றுக்கொண்டவர். அதைக் கற்க எனக்குப் பதினொரு மனுக்கள் தேவைப்பட்டன.

எங்கள் கண்மாய் நிறைந்தால் மிஞ்சிய நீர் ஓடை வழியே வெளியேற வேண்டும். ஊர்ப் பணக்காரர் செல்லப்பாண்டி தம் தோட்டத்துக்கு மதில் எழுப்பியபோது ஓடை அதற்கடியில் புதைந்தது. அடுத்தடுத்து இரண்டு ஐப்பசிகள் எங்கள் தெருவின் முப்பத்தொரு வீடுகளிலும் வெள்ளம் புகுந்தது. இரண்டாம் முறை இருளம்மாள் வீட்டுப் பின்சுவர் விழுந்தது. இன்னொரு வெள்ளத்தை மற்றச் சுவர்கள் தாங்கா.

கடைசி மனுவோடு தாலுகா அலுவலகத்துக்கு நான் கையால் வரைந்தனுப்பிய ஓடைப் படம், குத்திய ஊசிகூடக் கழற்றப்படாமல் திரும்பி வந்தது. உடன் வந்த பதில்: “மேற்படி இடத்தில் ஓடை ஏதும் இல்லை.”

புரட்டாசிக் கடைசியில் இருளம்மாள் வந்தார்.

“அண்ணே, மனு மாதிரியே மரியாதையா ஒண்ணு எழுதுங்க. ஞாயித்துக்கிழம ஓடையத் தொறந்துவைக்கிற வள்ளல் செல்லப்பாண்டிக்கு நன்றின்னு.”

“அவருக்கு அது தெரியுமா?”

“போஸ்டரப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுவாரு.”

எழுதினேன். அச்சகத்தில் மீந்த காலண்டர் தாள்களின் பின்புறத்தில் அச்சாகி, பேருந்து நிறுத்தம் வரை ஒட்டப்பட்டது. கிழிக்க வந்த செல்லப்பாண்டியின் ஆள் ஓரத்தை உரித்தபோது, மறுபக்கத்து முருகனின் பாதம் தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

மறுநாள் செல்லப்பாண்டியே எங்கள் தெருவுக்கு வந்தார்.

“ஏத்தா இருளம்மா, நான் எப்ப ஓடையத் தொறக்கேன்னு சொன்னேன்?”

“ஞாயித்துக்கிழம காலையில ஒம்பதுக்கு மொதலாளி. நல்ல நேரம் பாத்துத்தான் போட்டிருக்கோம்.”

“போஸ்டரப் பாத்துட்டு விருதுநகர்ச் சம்பந்தி மாலையோட வாராராம்.”

“வரட்டும். நாங்களும் மம்பட்டியோட வாரோம்.”

அவர் சுவரொட்டியின் அருகே போய்ப் பார்த்தார்.

“போட்டோவ இம்புட்டுச் சின்னதாவா போடுவீக?”

“இந்த ஐப்பசிக்கு வீட்டுக்குள்ள தண்ணி வராட்டி, பொங்கலுக்குப் பெருசாப் போட்டுருவோம்.”

ஞாயிறன்று மதிலில் பத்தடி இடிக்கப்பட்டது. அடியில் புதைந்திருந்த ஓடையைத் தோண்டி, அப்பால் அதை அடைத்து நின்ற சீமைக்கருவேலத்தை முப்பத்தொரு வீட்டாரும் சேர்ந்து வெட்டினோம். சம்பந்தி போட்ட மாலையை மாலைவரை செல்லப்பாண்டி கழற்றவில்லை.

ஐப்பசியில் கண்மாய் நிறைந்தது. நீர் தன் வழியே போயிற்று. பொங்கலுக்குப் பெரிய படமும் வந்தது.

ஓடை திறக்கப்பட்ட விவரத்தை அலுவலகத்துக்கு முறைப்படி தெரிவித்தேன். யாருடைய அனுமதியில் ஓடையைத் திறந்தீர்கள் என்று கேட்டுப் பதில் வந்தது. ஓடை இருப்பதற்கு என்னிடமுள்ள ஒரே அரசு ஆவணம் அதுதான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.