அமாவாசைக்கு ஒரு டைமர்

குப்பை வண்டி எங்கள் தெருவைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. காகிதத்துக்கான நீலத் தொட்டியை முந்தைய நாளே வாசலில் வைத்திருக்க வேண்டும்; மறந்துவிட்டேன். "போனது போனதுதான், இனி அடுத்த முறைதான்" என்றார் பக்கத்து வீட்டு ஹன்னலோர் அம்மையார். எங்கள் ஊர் ஆரணியில் வாளியோடு பின்னால் ஓடினால் வண்டியை நிறுத்துவார்கள். ஜெர்மனியில், இந்த லைப்சிக் நகரத்து வண்டி திரும்பியே பார்க்காது. அப்போதுதான் சுரீரென்றது: நேற்று திங்கட்கிழமை, அமாவாசை! "எங்கள் ஊரிலும் இதே சிக்கல்" என்று பதறினேன். "அங்கேயும் செவ்வாய்க்கிழமைதான் எடுப்பார்களா?" என்று பரிவோடு கேட்டார் அவர்.

அப்பாவின் பட்டுக் கடையில் புடவை டிசைன்கள் எல்லாம் ஒரு லினக்ஸ் கணினியில் இருக்கின்றன. திங்கட்கிழமைதோறும் காலையில் அவற்றை இன்னொரு டிஸ்கில் நகலெடுக்க, விமானம் ஏறுமுன், குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் கிரான் நிரலில் ஒரு வரி எழுதிவைத்தேன். அந்த வீட்டில் இன்னும் நான் செய்கிற வேலை அது ஒன்றுதான். ஆனால் அமாவாசையன்று ஆரணி நெசவாளர்களின் தறி ஓடாது. அப்பாவும் கடையைப் பூட்டி மெயின் ஸ்விட்சையே இறக்கிவிடுவார். கணினி அணைந்திருந்தால் கிரான் அந்த முறையை விட்டுவிடும், திரும்பிப் பார்க்காது.

உடனே போன் போட்டேன். "பழைய டிஸ்க்கு இன்னிக்கு காலைலதான் கெட்டுப் பூடுச்சிப்பா," என்றார் அப்பா, சாவகாசமாக. "பயப்படாத, அதுக்கு முன்னாடியே நகல் எடுத்தாச்சு, எல்லா டிசைனும் பத்திரமா கீது. மாப்ள ஏதோ மாத்தி வெச்சிருந்தாரு."

மாப்பிள்ளை என்றால் தினேஷ், என் தங்கை கணவர். போனை வாங்கினார். "கிரானை எடுத்துட்டு லினக்ஸ்லயே இருக்கிற சிஸ்டம்டி டைமருக்கு மாத்திட்டேன் மச்சான். பெர்சிஸ்டன்ட் ட்ரூன்னு ஒரு வரி போட்டா, விட்டுப்போன வேலைய மெஷின் எழுந்ததும் ஜல்தியா முடிச்சிடுது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்ள?"

"நீங்க அங்க வேலை பாத்துகினு இருப்பீங்க. உங்களுக்கு எதுக்கு பேஜாருன்னுதான்."

பின்னால் அப்பாவின் சிரிப்பு கேட்டது. டிசைன்கள் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை, வயிறுதான் எரிந்தது. லினக்ஸ் படித்தவன் நான், பெயர் வாங்கியவர் அவர். அந்தக் கணினி மீதுகூடப் பொறாமை: விட்டுப்போனதை எழுந்ததும் செய்துமுடிக்க அதற்கு ஒரு வரி இருக்கிறது. நான் தவறவிட்ட இரண்டு பொங்கலுக்கு எந்த வரியைப் போடுவது?

தினேஷின் டைமர் அமாவாசைக்கு மறுநாள் விழிக்கிறது. நான் எழுதப்போகும் டைமர் முந்தைய நாளே வேலையை முடிக்கும். டைமருக்குப் பிறை தெரியாது; அதனால் பஞ்சாங்கத்தைப் பார்த்து இந்த ஆண்டின் தேதிகளை ஒவ்வொன்றாக அதில் எழுதப்போகிறேன். இங்கே என் மடிக்கணினியிலும் ஒன்று, இந்திய நேரத்தில். ஹன்னலோர் அம்மையார் தொட்டியை உருட்டிக்கொண்டு போகும் ஏதோ ஒரு காலையில், ஆரணியில் இன்று தறி ஓடாது என்று அது எனக்குச் சொல்லும். நான் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன்.