நாற்பது செக்கனும் அந்தக் கானும்

எஹலியகொடைக்கு மேலே இருக்கிற அந்த ரப்பர்த் தோட்டத்தில், காதில் வயரை மாட்டிக்கொண்டு பால் வெட்டிய ஒரே ஆள் சுகந்தினிதான். அதற்காக அவள் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. பால் ஸ்டோர் வரிசையில் வாளியோடு நிற்கும்போது, மகாராணிக்குப் பாட்டு ஓடினால்தான் கத்தி ஓடுமாம் என்று முன்னால் நிற்பவள் பின்னால் நிற்பவளுக்குச் சொல்வாள். சொல்லட்டுமே. சுகந்தினி திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அவள் காதில் ஓடியது பாட்டு இல்லை, புவியியல்.

அது 2003ஆம் ஆண்டு. அவளுக்கு இருபத்தொரு வயது. உயர்தரப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் தமிழையும் இந்து நாகரிகத்தையும் தாண்டிவிட்டுப் புவியியலில் போய்க் கவிழ்ந்தவள். மூன்று பாடமும் சித்தியடைந்தால் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் வேலைக்கு மனுப் போடலாம். அவளுக்கு இருந்த ஆசையெல்லாம் அந்த ஒன்றுதான்.

அப்பா இராமசாமி கான் வெட்டுகிறவர். மழைத்தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு போகாமல் இருக்க மலைக்குக் குறுக்கே வெட்டுகிற வாய்க்காலுக்குத் தோட்டத்தில் கான் என்று பேர். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அதன்பிறகு அம்மா சுப்பம்மாவுக்கு முதுகு விட்டுப்போக, அம்மாவின் கத்தியும் அம்மா பால் வெட்டிய மரங்களும் மகள் கைக்கு வந்தன. மூன்றாவது தடவையும் எழுதப்போகிறேன் என்று அவள் வாயெடுத்தபோது சுப்பம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை.

"எழுது, வேணாங்கல. ஆனா இதுதான் கடைசி. இதுலயும் இல்லேன்னா தெரணியகல மாமன் மகனுக்குக் கழுத்த நீட்டிரணும். அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

சுகந்தினி தலையாட்டினாள். மாமன் மகன் நல்லவன்தான், அவன்மேல் ஒரு குறையும் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரு கரும்பலகை, அவ்வளவுதான்.

ஆனால் எப்போது படிக்கிறது? விடிந்தால், வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்க வேண்டும். மத்தியானம்வரை மலை. பிறகு விறகு, தண்ணீர், சமையல், அம்மாவின் முதுகுக்குத் தைலம். எல்லாம் முடிந்து புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கு முந்திக் கண் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் குவைத்திலிருந்து வந்த சின்னம்மா ஒரு சீடி பிளேயரைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, வட்டமாக, இடுப்பில் மாட்டிக்கொள்ளப் பையோடு. இதில் பாட்டுக் கேள் என்றாள் சின்னம்மா. சுகந்தினி அதைப் பையோடு தூக்கிக்கொண்டு டவுனுக்கு, றிப்தாவிடம் போனாள்.

றிப்தா கூடப் படித்தவள். முதல் தடவையே புவியியலில் நல்ல பெறுபேறு எடுத்தவள். அவளுடைய நானா, அதாவது அண்ணன், ஷிராஸ் எஹலியகொடையில் டெலிபோன் பேசுகிற கொமியுனிகேஷன் கடை வைத்திருந்தான். கம்பியூட்டரும் சீடி எழுதும் மெஷினும் அங்கே இருந்தன. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு அவன் கடையைச் சாத்திவிட்டுப் போகிற நேரம் பார்த்து, றிப்தா உள்ளே உட்கார்ந்து தன்னுடைய பழைய கொப்பியை மைக்கில் வாசித்தாள். நாலு வெள்ளிக்கிழமை, நாலு சீடித் தட்டு. இடையிடையே கொழும்பு பஸ் ஹோர்ன் அடிக்கும், றிப்தா ஒரு மிடறு தண்ணீர் குடிப்பாள், அதெல்லாமும் சேர்ந்தே பதிவாகியிருந்தது. ஒரு சதம் கூலி வாங்கவில்லை. சிநேகிதி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

முதல் நாள் மலையில் அது மானத்தை வாங்கிவிட்டது. சுகந்தினி ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நாலடி வைத்தால் றிப்தாவுக்குத் திக்குவாய் வந்துவிடும். "பருவ... பருவ... மழை... மழை..." என்று இழுத்து ஒரேயடியாக நின்றுபோகும். ஞாயிற்றுக்கிழமை அவள் அதை ஷிராஸின் மேசையில் வைத்தபோது அவன் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த சின்னப் பொத்தானைத் தள்ளினான். மூடியில் நாற்பது செக்கன் என்று போட்டிருந்ததை அவளுக்குக் காட்டினான்.

"இதுக்குள்ள சின்ன மெமரி ஒண்டு ஈக்கி தங்கச்சி. தட்ட முன்னுக்கே வேகமா வாசிச்சு அதுல நிறைச்சு வெச்சிக்கொள்ளும். நீங்க கேக்கிறது தட்டுலேந்து வாரது இல்ல, மெமரிலேந்து வாரது. ஆட்டத்துல தட்டு தவறினாலும் நாப்பது செக்கனுக்கு உள்ள இருப்ப வெச்சு அது பேசும். அதுக்குள்ள ஒருக்கா அசையாம நிண்டா திரும்ப நிறைச்சிக்கும். ஹரியா?"

பெட்டரி சீக்கிரம் தீரும் என்றும் சொன்னான். அவள் காதில் அது விழவில்லை. அசையாமல் நின்றால் நிறைத்துக்கொள்ளும் என்ற ஒரு வாக்கியத்தையே பிடித்துக்கொண்டு மலையேறினாள்.

பால் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். மரத்துக்கு முன்னால் நிற்கும்போது உடம்பு ஆடக்கூடாது. கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பால் இல்லை. காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, பட்டையைச் சீவி, சிரட்டையைச் சரி பண்ணுகிறவரைக்கும் அவள் கல்லாக நிற்பாள். பிளேயருக்கு வேண்டியதும் அதுதானே! மரத்தடியில் அது வாசித்து நிறைத்துக்கொள்ளும். அவள் அடுத்த மரத்துக்கு நடக்கும்போது நிறைத்ததை எடுத்துப் பேசும். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு இருபது செக்கன் போதும். எங்கேயோ வெளிநாட்டில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பெட்டியைச் செய்தவனுக்கு ரப்பர் மலை என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. ஆனாலும் சுகந்தினிக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது அது. நடையையும் அவள் மாற்றிக்கொண்டாள். தளும்பத் தளும்பப் பால் வாளியைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கும்போது முழங்காலை மடித்து, இடுப்பை அசைக்காமல் நடப்பார்களே, அந்த நடையை வெறும் கையோடு நடந்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பாடம் ஒரு சொல் விடாமல் ஓடியது.

கங்காணி பழனியாண்டி ஒரு நாள் மறித்தார். பாம்பு சீறினால் எப்படிக் கேட்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து ஒரு காதில் மட்டும் வயர், மற்றக் காது மலைக்கு.

தோட்டத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஒரு மலையில் பால் வெட்டுவது. அவளுக்கு மேல்மலை, கீழ்மலை என்று இரண்டு மலை. ஒரு மலைக்கு இரண்டு தட்டு என்று வகுத்துக்கொண்டாள். முதல் மரத்தில் ஒன்றைப் போட்டால் நூற்றிருபதாம் மரத்தில் அது முடியும், அங்கே மற்றதைப் போடுவாள். இந்த ஒழுங்கை ஒரு நாளும் மாற்றவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதம் போவதற்குள், பாடம் மரங்களில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. பதினேழாவது மரம், பிளவுபட்ட அடிமரம், அதைக் கண்டால் ஆற்று வடிநிலம். நாற்பதாவது மரத்தில் கொழும்பு பஸ் ஹோர்ன் அடிக்கும், அதைத் தொடர்ந்து குடித்தொகைப் பரம்பல். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு மரத்தை நினைத்தால் போதும், றிப்தாவின் குரல் வந்துவிடும். இரண்டு தடவை புத்தகத்தை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்தும் ஏறாதது இப்போது நடக்க நடக்க ஏறிக்கொண்டிருந்தது. கெட்டிக்காரி, வேறென்ன சொல்ல!

ஆனால் ஒரு இடம் மட்டும் சதி பண்ணியது. மேல்மலையில் தொண்ணூற்று நான்காம் மரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு பெரிய கான். இறங்கி, வழுக்குகிற மரக்கட்டையில் கால் வைத்து, மறுபக்கம் பிடித்து ஏற ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். நாற்பது செக்கன் இருப்பு அதற்குள் தீர்ந்துவிடும். "மலைச்சரிவுகளில் மண்ணரிப்பைக் கட்டுப்படுத்த நான்கு முறைகள் கையாளப்படுகின்றன. முதலாவது..." என்பாள் றிப்தா, அதோடு சத்தம் அற்றுப்போகும். கரையேறினால் விட்ட இடத்தில் பிடிக்காது. எங்கேயோ தள்ளிப்போய் அடுத்த தலைப்பில் பேசிக்கொண்டிருக்கும். பின்னுக்குத் தள்ளினால் பாடத்தின் தொடக்கத்துக்கே ஓடிவிடும். ஒரு நாள் ஒரு வாக்கியம் முன்னே, ஒரு நாள் ஒரு வாக்கியம் பின்னே, ஆனால் அந்த நான்கு முறையும் தவறாமல் கானுக்குள்தான் விழுந்தன. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், அதனால் மரத்தடியில் கூடுதலாக நின்று கேட்கவும் நேரம் இல்லை.

பாழாய்ப்போன கான் என்று ஒரு நாள் சோறு தின்னும்போது அவள் வாய்விட்டுத் திட்டிவிட்டாள். சுப்பம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"யாரத் திட்டுற? அது ஒங்கப்பா வெட்டுனது. ஒம்பது மாசம் தனியாளா நின்னு வெட்டுனாரு."

சுகந்தினி அதன்பிறகு கானைத் திட்டவில்லை. பரீட்சைக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அசையாமல் உட்கார்ந்து அந்த ஒரு இடத்தைக் கேட்டுக்கொண்டால் போச்சு என்று இருந்துவிட்டாள். எத்தனை ஞாயிறு வந்து போயின! ஒன்றில் பெட்டரி இல்லை, ஒன்றில் அம்மாவைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பிறகு பார்த்துக்கொள்வோம் என்பதில்தான் மனுஷர் எல்லோரும் விழுகிறோம்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, இரண்டு கையிலும் பால் வாளியோடு கானைத் தாண்டியவளுக்கு அந்தக் கட்டை வழுக்கியது. விழுந்த விழுகையில் ஒரு வாளி கானுக்குள் போயிற்று, மற்ற வாளி அப்படியே இடுப்பிலும் பையிலும் கொட்டியது. முழங்கையைப் பிடித்துக்கொண்டு கானுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அழுகைகூட வரவில்லை. கொட்டிய பால் கானோடு வெள்ளையாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு எட்டு ஓடிய பால், கானுக்குள் குறுக்கே விட்டிருந்த ஒரு சின்ன மண்மேட்டில் முட்டி, அங்கேயே குளமாக நின்றது. ஒரு சொட்டுக் கீழே போகவில்லை. பழனியாண்டிக் கங்காணி சத்தம் கேட்டு ஓடிவந்தார். பாலைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, கை கால் நன்றாக இருக்கிறதா என்றுதான் கேட்டார். அந்த மனுஷனை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் பிளேயரைச் சுற்றி ரப்பர் உறைந்து தோலாகப் பிடித்திருந்தது. உரித்தெடுத்தாள். கேட்டு முடித்துப் பைக்குள் செருகியிருந்த தட்டு இரண்டாக உடைந்திருந்தது. மேல்மலையின் முதல் தட்டு, அந்த நான்கு முறை இருந்த தட்டு. சுகந்தினியின் பழைய புத்தகத்தில் அந்தத் தலைப்பே இல்லை. றிப்தாவிடம் ஓடினாள்; அவளோ கொப்பியை மாவனெல்லையில் இருக்கும் மச்சிக்குப் படிக்கக் கொடுத்துவிட்டிருந்தாள், கம்பியூட்டரில் இருந்ததையும் ஷிராஸ் இடமில்லை என்று அழித்துவிட்டிருந்தான். ஒரு தலைப்புத்தானே, அதிலா கேட்கப்போகிறான் என்று றிப்தா தேற்றினாள்.

அதில்தான் கேட்டிருந்தான்.

இரத்தினபுரியில் பரீட்சை மண்டபம். மற்றக் கேள்விகளுக்கு அவள் மரம் மரமாக நடந்து விடை எழுதினாள். பதினேழாவது, நாற்பதாவது, எழுபத்தொன்று என்று எல்லாம் வந்து நின்றன. கடைசிக் கேள்வி: மலைச்சரிவான பெருந்தோட்டங்களில் மண்ணரிப்பைக் கட்டுப்படுத்தும் முறைகள் நான்கினை விளக்குக. இது இல்லாமல் போனால் பாடம் இல்லை, அவளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணை மூடித் தொண்ணூறாம் மரத்திலிருந்து நடந்தாள். தொண்ணூற்று நாலு. "முதலாவது..." சத்தம் அற்றுப்போயிற்று. தெரணியகல மாமன் வீட்டு வாசல் கண்ணில் வந்து போனது.

சத்தம்தான் நின்றது, கால் நிற்கவில்லை. மனதுக்குள் அவள் வழக்கம்போல முழங்காலை மடித்துக் கானுக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். பாதத்தில் கானின் ஈரம். அதற்குள்ளே குறுக்கே அந்த மண்மேடு, அதில் முட்டி நிற்கிற வெள்ளைப் பால். தண்ணீரும் மண்ணும் அப்படித்தானே நிற்கும்! மறுபக்கம் ஏறக் கைபிடிக்கிற கல்லடுக்கு. ஏறினதும் காலைச் சுற்றுகிற கொடி, அதை ஏன் வெட்டவிடமாட்டேன் என்கிறார்கள் என்று எத்தனை நாள் சலித்திருப்பாள். மேலே சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வரிசை வரிசையாக நிற்கிற மரங்கள். இத்தனை மாதமாக எந்தப் பாடம் கேட்கவில்லை என்று ஏங்கினாளோ, அந்தப் பாடத்துக்குள்ளேயே இறங்கி ஏறிக்கொண்டிருந்திருக்கிறாள். கண்ணைத் திறந்து எழுத ஆரம்பித்தவள் மணியடிக்கிறவரைக்கும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

பெறுபேற்றை ஷிராஸின் கம்பியூட்டரில்தான் பார்த்தார்கள். மூன்று பாடமும் சித்தி. றிப்தா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குள் கொப்பி திரும்பி வந்திருந்தது, எடுத்துப் புரட்டிப் பார்த்தால் அதில் நாலு முறைதான், சுகந்தினி எழுதியதோ ஐந்து. இன்றைக்கு அவள் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் புவியியலும் எடுக்கிறாள், மழை இல்லாத நாளில் பிள்ளைகளை மலைக்கே கூட்டிக்கொண்டுபோய் எடுக்கிறாள் என்பது வேறு கதை.

அன்று அவள் வீட்டுக்கு வந்து சொன்னபோது சுப்பம்மா சாமிப்படத்துக்கு விளக்கேற்றினாள். மாமனுக்கு நானே சொல்லிக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். பிறகு மகளுக்குச் சோறு போட்டுவிட்டு, எந்தக் கேள்வி உன்னைக் கரையேற்றியது என்று கேட்டாள்.

"அப்பா வெட்டுன கானப் பத்தித்தாம்மா கேட்டிருந்தாங்க."

சுப்பம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நடுவுல நடுவுல மண்ணு விட்டுருப்பாரே. அப்பத்தான் மண்ணு தங்கும்னு சொல்லுவாரு. அதையும் எழுதுனியா?"

"அதத்தாம்மா மொதல்ல எழுதுனேன்."