முக்காட்டுக் கடையில் ஒரு ஸ்டேட்டஸ்

கல்வராயன் மலைக்குப் போகும் பஸ் வர இன்னும் நேரமிருக்கிறது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய முக்காட்டுத் துணிக்கடையில் ஒதுங்கி நிற்கிறேன். கடைக்காரப் பர்வீன் அக்காவின் போனில் ஈரான் பெண்கள், முக்காடு போடாவிட்டால் போலீஸ் பிடிக்கும் சட்டத்தை எதிர்த்து, முக்காட்டைக் கழற்றி நெருப்பில் போடுகிறார்கள். முக்காடு போட்டிருக்கும் அக்கா, அந்த வீடியோவை ஸ்டேட்டஸில் வைக்கலாமா என்று யோசிக்கிறார்.

"வாங்கறவங்க எல்லாம் நம்ம ஜமாத்து பொம்பளைங்க. யாவாரம் படுத்துடும்" என்கிறார் அவர் கணவர்.

"வெளியில இருக்கிற நாம ஆதரவு சொல்றது சரியாக்கா?" என்று கேட்கிறேன்.

"அடி வாங்கிக்கினு இருக்கறவளுக்கு நாலு பேரு கூட இருக்கோம்னு தெரியணும், தம்பி. அதுக்காக வெளிநாட்டுக்காரன் போயி குண்டு போடட்டும்னா ஒத்துக்க மாட்டேன். அதுல சாவறதும் அவதான்."

"முக்காடு விக்கறவ பேசற பேச்சா இது?" கணவர் சிரிக்கிறார்.

"ஆசைப்பட்டு வாங்கறவளுக்குத்தான் விக்கறேன். போலீசு அடிச்சு அனுப்பற கிராக்கி எனக்கு இன்னாத்துக்கு?"

இதையே வீடியோவுக்குக் கீழே எழுதி, ஸ்டேட்டஸில் வைத்துவிடுகிறார். சற்று நேரத்தில் போன் அடிக்கிறது. வாடிக்கையாக வாங்கும் ஒரு பெண். கணவரின் சிரிப்பு நின்றுவிடுகிறது. அக்கா ஸ்பீக்கரில் போடுகிறார்.

"ஸ்டேட்டஸ் பாத்தேன்க்கா. நீலத்துல ரெண்டு எடுத்து வைங்க. ஆசைப்பட்டுத்தான் கேக்கறேன்."