கொழுந்தனார் கடை விளம்பரம்

திசையன்விளையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் கொழுந்தனார், உள்ளூர் டிவியில் முதன்முதலாக வந்த தன் கடை விளம்பரத்தைப் பார்க்க பாளையங்கோட்டையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். பதிவு செய்து வைத்திருந்த நிகழ்ச்சியை ஓடவிட்ட என் கணவர், விளம்பரம் வந்ததும் பழக்கதோஷத்தில் ரிமோட்டை அழுத்தித் தாண்டிவிட்டார்.

“படிக்காதவன் கடைன்னுதானே தள்ளிவிடுத?” என்று கொழுந்தனார் கையிலிருந்த செம்பை டிவிமேல் வீசினார். திரை பிளந்தது. என் கணவர் பாய்ந்து தம்பியின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். விலக்கப் போன என்மேல் கொழுந்தனாரின் குத்து விழுந்தது. புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. கண் தப்பியதே பெரிது.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தார்கள். “வேணும்னு செய்யலலே, கை தன்னால ரிமோட்டுக்குப் போயிட்டு,” என்று தம்பியிடம் சொல்லி என் கணவர் அழுதார்.

இப்போது விருந்தினர் இருந்தால் ரிமோட் என்னிடம்தான். தாண்டலாமா என்று கேட்ட பிறகே அழுத்துகிறேன்.